சின்ன வெட்டுக்கான நோன்பு

வைத்தியர் ஒரு வெள்ளைத் தாளில் மனித நெஞ்சொன்றை வரைந்தார். இரண்டு தோள்கள், கழுத்தின் அடியில் ஒரு குழி, அதிலிருந்து கீழிறங்கும் மார்பெலும்பு. மிகவும் ஒடுங்கிய நெஞ்சு அது. பக்கத்துக் கதிரையை நிறைத்துக்கொண்டு, கறுப்பு அபாயாவின் கைகளை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டபடி உட்கார்ந்திருந்த என் உம்மாவுக்கும் அந்தப் படத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்கவில்லை. அந்த நெஞ்சின்மேல் அவர் மூன்று கோடுகளைப் போட்டார்.

முதற்கோடு கழுத்துக் குழியில் தொடங்கி வயிற்றின் மேல்விளிம்புவரை நேராக இறங்கியது. மார்பெலும்பை முழுதாக அறுத்து, இருபுறமும் விரித்து, இதயத்தைக் கண்முன் வைத்துக்கொண்டு வேலை செய்யும் பழைய முறை. இரண்டாவது கோடு அதே குழியில் தொடங்கிப் பாதி வழியில் நின்று வலப்பக்கம் சிறிது வளைந்தது. எலும்பின் மேற்பாதி மட்டும் அறுபடும். மூன்றாவது, வலப்பக்கத்து விலாவெலும்புகளுக்கு இடையே குறுக்காகக் கிடந்த சிறு கீறல். அதில் மார்பெலும்பைத் தொடவே தேவையில்லை. தொடையிடுக்கின் இரத்தக்குழாய் வழியாக, மடித்த வால்வைக் கொண்டுபோய் விரிக்கும் நான்காவது முறையும் உண்டு என்றார். ஆனால் உம்மாவின் வயதில் அந்த வால்வு எவ்வளவு காலம் உழைக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பதால் அதை முதலில் தேர்ந்தெடுக்கமாட்டேன் என்றார். அதற்கு அவர் கோடு எதுவும் போடவில்லை.

அவர் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து பேசினார். உம்மாவுக்கு எங்கள் ஊரான திகனக் கடைத்தெருவின் சிங்களம் நன்றாக வரும். மீன்காரரிடம் விலை குறைக்கவும் அயல்வீட்டுக் கல்யாணத்தில் கலகலக்கவும் அது போதும். ஆனால் இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியின் வாசலிலுள்ள வால்வு சுண்ணாம்பு படிந்து ஒடுங்கிவிட்டது, அதை அகற்றிப் புதிய வால்வு வைக்காவிட்டால் இதயம் ஒருநாள் சொல்லாமல் நின்றுவிடலாம் என்ற செய்தியை ஏற்பதற்கு அந்தச் சிங்களம் போதாது. ஆகவே நான் மொழிபெயர்த்தேன். குரல் நடுங்காமலிருக்க ஒவ்வொரு வாக்கியத்தையும் மனதுக்குள் ஒருமுறை அடுக்கிப் பார்த்துவிட்டே சொன்னேன்.

உம்மா படத்தை நீண்ட நேரம் பார்த்தார். அவர் கேட்டது ஒரே கேள்விதான். இந்த மூன்றில் எது ஆகச் சின்ன வெட்டு, அதைத் தனக்குச் செய்யமுடியுமா?

ஸ்கேன் எடுத்து, எலும்புக்குப் பின்னால் பெருநாடி எப்படிக் கிடக்கிறது என்று பார்த்த பிறகே சொல்லமுடியும் என்றார் வைத்தியர். பிறகு, எழுதிக்கொண்டே, உடல் நிறையையும் கணக்கில் எடுக்கவேண்டும் என்று ஒரு வார்த்தை சேர்த்தார். அதை அவர் சிங்களத்தில் சொன்னதால் என் மொழிபெயர்ப்புக்கு உம்மா காத்திருக்கவில்லை.

வெளியே நோயாளிகள் காத்திருக்கும் நீள வாங்கில் எங்களுக்குப் பக்கத்தில் கடுகண்ணாவையிலிருந்து வந்த ஒரு சிங்களப் பெண்மணி இருந்தார். உம்மாவின் உடல்வாகுதான் அவருக்கும். தன் கணவரின் சிகிச்சைக்காக அந்தக் கூடத்துக்குப் பலமுறை வந்து பழகியவர். மெலிந்தவர்களுக்குத்தான் சின்ன வெட்டு, நம்மைப் போன்றவர்களைப் பலாப்பழம் பிளப்பதுபோல நடுவால் பிளப்பதுதான் வழக்கம் என்று அவர் சொல்ல, இருவரும் சிரித்தார்கள். உம்மாவுக்குச் சிரித்த சிரிப்பில் மூச்சு முட்டியது. அவருடைய தோள் ஏறியிறங்குவதைப் பார்த்துக்கொண்டு நான் அருகில் நின்றேன்.

உம்மா நீண்ட வெட்டுக்கு அஞ்சியதன் காரணம் எனக்குத் தெரியும். அவருடைய ராத்தா, என் பெரியம்மா, இதே உடம்பும் இதே சர்க்கரை வியாதியும் கொண்டவர். சில வருடங்களுக்கு முன் அவருக்கு வேறோர் ஊரில் இதயத்தில் பைபாஸ் செய்தார்கள். இதயம் சரியாகிவிட்டது, ஆனால் நெஞ்சின் காயம் ஆறவில்லை. கனத்த மார்பின் பாரம் தையலை இருபுறமும் இழுக்க, ஓரிடத்தில் விட்டு, சீழ் வைத்து, கம்பியால் கட்டிய எலும்பும் பிரிந்தது. உம்மா வாரக்கணக்கில் அவர் அருகில் இருந்து மருந்து கட்டுவதைப் பார்த்தவர். வீட்டுக்கு வந்தபின் பெரியம்மா அதிக காலம் இருக்கவில்லை. அந்தக் காயத்தின் வாசனையைப் பற்றி உம்மா எங்களிடம் பேசியதில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த அன்று மாலை, தன் நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை வைத்தபடியே சன்னலருகில் உட்கார்ந்திருந்தார்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அந்தத் தவணை எனக்கு ஒப்பியல் ஒரு பாடமாக இருந்தது. இரண்டு நூல்களை ஒப்பிடும் முன் அவை ஒப்பிடத்தக்கவையா என்று முதலில் கேட்கவேண்டும் என்று விரிவுரையாளர் அடிக்கடி சொல்வார். நூலகத்தின் ஒரு மூலையில் அமர்ந்து நான் படித்ததோ வேறு. உடல் பருமனுள்ளவர்களுக்கு வால்வு மாற்றும்போது முழு எலும்பையும் அறுப்பதா, பாதியை அறுப்பதா, விலாவிடுக்கால் போவதா என்று ஒப்பிடும் ஆய்வுகளை இணையத்தில் தேடித்தேடி வாசித்தேன். சின்ன வெட்டில் இரத்த இழப்புக் குறைவு, மூச்சுக் குழாயை விரைவில் எடுத்துவிடலாம், காயம் நன்றாக ஆறுகிறது என்றார்கள். ஆனால் கொழுப்பின் ஆழத்தில் இதயம் தொலைவாகத் தெரிகிறது, வேலை நீள்கிறது, இதயத்தை நிறுத்திவைக்கும் நேரமும் கூடுகிறது என்று அதே ஆய்வின் அடுத்த பந்தி சொன்னது. சின்ன வெட்டுக்கு யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதை வைத்தியர்களே முடிவுசெய்ததால் இரு குழுக்களும் உண்மையில் ஒத்தவையல்ல என்ற எச்சரிக்கை பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்தது. நான் அந்தக் கடைசிப் பக்கங்களைத்தான் நம்பினேன். ஆகவே படிக்கப் படிக்கப் பயம் தெளியவில்லை, கூடியது.

ஸ்கேன் எடுத்தாயிற்று. முடிவைச் சொல்லும் கிளினிக்குக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. அந்த இடைவெளியில்தான் அது நடந்தது.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. நோன்பு மாதத்தில் உம்மா சமைக்கும்போது கறியின் உப்பைப் பார்க்கமாட்டார். நாக்கின் நுனியில் தொட்டுத் துப்பிவிடலாம், குற்றமில்லை என்று பலரும் சொல்வார்கள். உம்மா அதற்கு இணங்கியதில்லை. நோன்பில்லாத ஒருவரைக் குசினிக்குக் கூப்பிட்டு, அகப்பையிலிருந்து ஒரு துளியை அவருடைய உள்ளங்கையில் விடுவார். சிறுமியாக இருந்த காலத்தில் நான்தான் அந்த நாக்கு. வளர்ந்த பிறகும், மாதவிலக்கால் நோன்பு கடமையில்லாத என்னுடைய நாட்களில், ஒருவரும் கவனியாத நேரம் பார்த்து என்னையே கூப்பிடுவார். நோன்பு மாதத்துக்கு வெளியே உம்மா எவரையும் உப்புப் பார்க்கக் கேட்டதில்லை. தானே பார்ப்பார், தானே இன்னொரு முறையும் பார்ப்பார்.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம். பல்கலைக்கழகத்திலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். உம்மா குசினியிலிருந்து கூப்பிட்டார்.

"உப்புப் பாருங்க மகள்."

போனேன். கையை நீட்டினேன். அகப்பையிலிருந்து விழுந்த ஆணம் சுட்டது. நக்கிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அறைக்குத் திரும்பி, புத்தகத்தைத் திறந்து, பேனையை எடுத்தேன். விரல்களில் தேங்காய்ப்பாலின் மணம் வந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நோன்பு மாதம் முடிந்து வெகுநாளாகியிருந்தது. அந்த மாதம் முழுவதும் உம்மா நோன்பு பிடிக்கவில்லை, வைத்தியர்கள் தடுத்திருந்தார்கள். அவருக்குப் பதிலாக வாப்பா ஏழை வீடுகளுக்கு உணவு கொடுத்தார். உடம்பிலிருந்து நீரை இறக்கும் குளிசையும் சர்க்கரைக் குளிசையும் உம்மா தினமும் எடுக்கிறார். ஒடுங்கிய வால்வோடு அவற்றையும் விழுங்கிவிட்டுப் பகல் முழுதும் ஒரு மிடறு தண்ணீர் இல்லாமலிருந்தால் என்னவாகும் என்பதை நான் நூலகத்தில் வாசித்திருந்தேன்.

குசினிக்குத் திரும்பிப் போய்க் கிளாசில் தண்ணீர் வார்த்து மேசையில் வைத்தேன்.

"உம்மா, தண்ணி குடிங்க."

"இப்பதான் குடிச்ச."

"எனக்கு முன்னுக்குக் குடிங்க."

உம்மா என்னைப் பார்க்கவில்லை. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். மஃரிபுக்கு, சூரியன் மறைவதற்கு, இன்னும் சிறிது நேரமே இருந்தது.

"இன்னங் கொஞ்ச நேரந்தானே மகள்" என்றார், குழந்தையிடம் கெஞ்சுவதுபோல.

நான் எதிரில் உட்கார்ந்து அவருடைய உதடுகளின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிவாசலில் பாங்கு கேட்டதும் அவர் பேரீச்சம்பழத்தைக் கடித்துத் தண்ணீர் குடித்தார். தொண்டை அசைந்து தண்ணீர் இறங்குவதைக் கண்ட பிறகே எனக்கு மூச்சு வந்தது.

பிறகு பேசினோம். தாழ்ந்த குரலில்தான், வாப்பா துணிக்கடையைப் பூட்டிவிட்டு வரும் நேரம் அது. திங்களும் வியாழனும் நோன்பு பிடிக்கிறாராம். நான் தூங்கும்போதே எழுந்து சஹருக்கு, விடியுமுன் உண்ணும் வேளைக்கு, இரண்டு விசுக்கோத்தும் குளிசைகளும். போன நோன்பு முழுக்கத் தவறிவிட்டதே, அதைக் கழாவாகப் பிடித்துத் தீர்க்கவேண்டாமா என்றார். தவறிய நோன்பைப் பின்னர் பிடிக்கும் ஒரு பெண்ணை எங்கள் வீடுகளில் எவரும் ஏன் என்று கேட்பதில்லை. ஆனால் நோயாளிக்கு அந்தக் கடமையில்லை என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொன்னேன். உம்மா கிளாசின் விளிம்பை விரலால் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நான் மெலியோணும் மகள். மெலிஞ்சாத்தானே சின்னதா வெட்டுவாங்க. ராத்தாட காயத்த நீங்க பாக்கல்ல. நான் பாத்த."

பிறகு இன்னும் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"நிய்யத்து அல்லாவுக்குத்தான் வெச்ச. ஆனா மனசு முழுக்கத் தராசுலதான் ஈக்கி. இந்த நோம்பு சேருமா சேராதா, அதையுஞ் செல்லி யாருட்ட கேக்குற?"

நிய்யத்து என்பது நோன்புக்கு முன் மனதில் வைக்கும் எண்ணம். அது பிசகினால் நோன்பு வெறும் பட்டினியாகிவிடும் என்று எனக்குக் கற்பித்தவரே உம்மாதான். மரண பயத்தோடு அந்தச் சந்தேகமும் சேர்ந்து அவரைத் தின்றுகொண்டிருந்தது என்பதை அன்று கண்டேன். வாப்பாவிடம் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொன்னார். நான் செய்யவில்லை; சொல்லவும் இல்லை. இனிப் பிடிக்கமாட்டேன் என்று அவரும் சொன்னார்.

அடுத்த வாரங்களை நான் எப்படிக் கழித்தேன் என்று ஒழுங்காக எழுத எனக்கு வராது. திங்கட்கிழமை காலையில் பஸ் ஏறுமுன் ஒரு ரஸ்கைத் தேநீரில் தோய்த்து அவர் கையில் கொடுத்து, அவர் மென்று விழுங்கும்வரை வாசலில் நிற்பேன். கண்டியில் இறங்கிப் பேராதனை பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, விழுங்கினாரா, நான் திரும்பியதும் துப்பினாரா என்ற எண்ணம் வரும். விரிவுரையின் நடுவில் தொலைபேசி அதிர்ந்தால் அது யாராக இருந்தாலும் எழுந்து வெளியே போய்விடுவேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில், எங்கள் ஒழுங்கை தொடங்குமிடத்தில் ஆட்கள் கூடி நிற்கிறார்களா என்று முதலில் பார்ப்பேன். ஒரு பின்னேரம் உண்மையாகவே நாலைந்து பேர் நின்றார்கள். அறுந்து தொங்கிய மின்கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களுக்கருகில் நின்று நானும் அந்தக் கம்பியையே பார்த்தேன்.

அபாயா உம்மாவின் தோளில் தளரத் தொடங்கியது. சோற்றைத் தட்டில் பிசைந்து, பரப்பி, ஓரத்தில் ஒதுக்கினார். நான் வீட்டில் இல்லாத பகல்களில் என்ன நடந்தது என்பதை அந்தத் தோள் சொன்னது.

கிளினிக் நாளும் ஒரு வியாழக்கிழமையாக அமைந்தது. வீட்டிலிருந்து பிரதான வீதிக்கு இறங்கும் சரிவில் உம்மா திடீரென மதிலைப் பிடித்தார். கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்றார். நான் அவருடைய இடுப்பைச் சுற்றிப் பிடித்தேன். அவ்வளவு பாரத்தையும் என்னால் தாங்கமுடியாது, விழுந்தால் இருவரும் சேர்ந்தே விழுவோம் என்று தெரிந்தது. மதிலோடு சாய்த்து மெதுவாக உட்காரவைத்தேன். நெற்றி நனைந்து குளிர்ந்திருந்தது. என் பையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டினேன். உம்மா தலையை அசைத்து மறுத்தார். அந்த மறுப்பில்தான் அன்றும் நோன்பு என்பதை அறிந்தேன். போத்தலை அவர் உதட்டில் வைத்தேன். அவர் வாயை மூடிக்கொண்டார். தண்ணீர் மோவாய் வழியாக வழிந்து அபாயாவின் கழுத்தை நனைத்தது.

சற்று நேரத்தில் தெளிந்து எழுந்தார். இந்த விஷயத்தை டொக்டரிடம் சொல்லக்கூடாது என்றார். முச்சக்கரவண்டி ஒன்றை நிறுத்தி ஏற்றினேன். கண்டிவரையும் அவருடைய மணிக்கட்டிலிருந்து என் விரல்களை எடுக்கவில்லை.

கிளினிக்கில் தராசில் ஏறுமுன் உம்மா வளையல்களைக் கழற்றி என் கையில் தந்தார். செருப்பைக் கழற்றினார். கைப்பையைத் தந்தார். பிறகு, நீச்சலுக்குப் போகிறவரைப்போல மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏறினார். முள் முன்னைவிடக் கீழே நின்றது. தாதி நல்லது என்று பாராட்டினார். உம்மா திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் பரீட்சையில் தேறிய பிள்ளையின் வெளிச்சம் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு இன்னும் அதிகமாகப் பயம் வந்தது.

இரத்த அழுத்தம் பார்த்தார்கள். மீண்டும் பார்த்தார்கள். வைத்தியர் உம்மாவின் கண் இமையை இழுத்துப் பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா, தண்ணீர் குடிக்கிறீர்களா என்று சிங்களத்தில் கேட்டார். நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று உம்மாவே சிங்களத்தில் பதில் சொன்னார். அதே மூச்சில், உதட்டை அசைக்காமல், எனக்குத் தமிழில் சொன்னார்:

"செல்ல வாணாம்."

சொல்லவேண்டாம் என்றதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். றமழானில் தவறியதற்காக வாரத்தில் இரண்டு நாள், ஒருவேளை அதற்கு மேலும், விடியுமுன்னிருந்து சூரியன் மறையும்வரை தண்ணீரும் இல்லாமல். இன்று காலை சரிவில் மயக்கம். குளிசைகள் எல்லாவற்றையும் விடியுமுன்னே விழுங்கிவிடுகிறார். மொழிபெயர்ப்பதைப் போலவே சொன்னேன், ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல். உம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் என் வாயிலிருந்து றமழான் என்ற சொல் வந்தபோது அவருடைய கை என் கையிலிருந்து விலகியது.

வைத்தியர் பேனையைக் கீழே வைத்தார். அவர் ஏசவில்லை. எந்த ஊர் என்று கேட்டார். திகன என்றதும், அப்படியானால் விக்டோரியா நீர்த்தேக்கத்தைப் பார்த்திருப்பீர்கள் என்றார். வாசல் ஒடுங்கிய அணை உங்கள் இதயம், பின்னால் தண்ணீர் மட்டம் உயர்ந்திருக்கும்வரைதான் அந்த ஒடுங்கிய வாசலால் ஏதாவது வெளியே போகும், நீங்கள் மட்டத்தை இறக்கிவிட்டீர்கள் என்று உம்மாவுக்கு விளங்கும் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். இன்று காலை நடந்தது மயக்கமல்ல, எச்சரிக்கை என்றார்.

பிறகு ஸ்கேன் படத்தைத் திரையில் காட்டி மற்றதைச் சொன்னார். அதை நான் மொழிபெயர்த்தேன். பெருநாடி எலும்புக்குப் பின்னால் இடப்பக்கமாகச் சாய்ந்திருப்பதால் விலாவிடுக்கு வழி உம்மாவுக்குப் பொருந்தாது. முழு எலும்பையும் அறுப்பது வைத்தியருக்கு இலகு. ஆனால் நிறையும் சர்க்கரையும் உள்ளவருக்கு அந்தக் காயத்தை ஆற்றுவது கடினம், வலியில் ஆழமாக மூச்செடுக்கமுடியாமல் சளியும் கட்டும். ஆகவே மேற்பாதி மட்டும் அறுக்கும் இரண்டாவது கோட்டையே தான் விரும்புவதாகச் சொன்னார். முதல் நாளே அதைத்தான் நினைத்திருந்தாராம். நிறை அதற்குத் தடையல்ல. அதைத் தேர்ந்தெடுக்க நிறையும் ஒரு காரணம். ஆனால் உள்ளே தெளிவாகத் தெரியாவிட்டால், இரத்தம் கட்டுக்கடங்காவிட்டால், அந்த இடத்திலேயே வெட்டைக் கீழ்வரை நீட்டுவேன், இரண்டுக்கும் இப்போதே சம்மதிக்கவேண்டும் என்றார்.

நான் வாசித்த ஆய்வுகளைப் பற்றிக் கேட்டேன். அவர் சிறிது சிரித்தார். அவர்கள் கூட்டத்தைக் கூட்டத்தோடு ஒப்பிடுகிறார்கள், உங்கள் உம்மாவை எவரும் உங்கள் உம்மாவோடு ஒப்பிட்டதில்லை என்றார்.

"உம்மா, நீங்க மெலிஞ்சாலும் மெலியாட்டியும் இதே வெட்டுத்தானாம்" என்றேன். உம்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதோ ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தார் போலும்.

அன்றே ஆஸ்பத்திரி வாட்டில் சேர்த்துவிட்டார்கள். கையில் ஊசி ஏற்றிச் சேலைன் போட்ட பிறகு உம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

"காட்டிக் குடுத்துட்ட" என்றார். எப்போதும் நீங்க என்று என்னை அழைப்பவர், அன்று நீ என்றார்.

அடுத்த நாட்களில் நான் கொண்டுபோன சோற்றைச் சாப்பிட்டார், தண்ணீர் குடித்தார், குளிசை விழுங்கினார். வாப்பாவோடு பேசினார். என்னோடு பேசவில்லை. பார்வையாளர் நேரம் முடிந்து வெளியே வரும்போதெல்லாம், இதே மௌனத்தோடு அவர் சத்திரசிகிச்சைத் தியேட்டருக்குப் போய் அங்கேயே முடிந்துவிட்டால் என்ற நினைப்பு வரும். அதை வாக்கியமாக முடிக்கவிடாமல், கண்டி வாவிக்கரைத் தடுப்புச்சுவரின் வளைவுகளைப் பார்த்துக்கொண்டே பஸ் நிலையத்துக்கு நடப்பேன்.

சத்திரசிகிச்சைக்கு முந்திய நாள் பின்னேரம் நாங்கள் இருக்கும்போதே தாதி வந்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடக்கூடாது, இன்ன நேரத்துக்குப் பின் தண்ணீரும் கூடாது என்று சொல்லிக் கட்டிலின் தலைமாட்டில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டுப் போனார். உம்மா அந்த அட்டையைப் பார்த்தார். அவருடைய வயிறு குலுங்கியது, சிரித்துக்கொண்டிருந்தார். அத்தனை நாட்களுக்குப் பின் என்னைப் பார்த்து முதன்முதலாகப் பேசினார்.

"பாருங்க மகள், இப்ப இவங்களே புடிக்கச் செல்ற. இதுக்கு யாரு நிய்யத்து வெக்கிற?"

"நான் வெக்கிற உம்மா" என்றேன்.

மறுநாள் நான் நோன்பு பிடித்தேன். அதை யாருக்கும் சொல்லவில்லை. தியேட்டருக்கு வெளியே நீண்ட நடையில் வாப்பா தஸ்பீஹ் மணிகளை உருட்டியபடி இருந்தார். நான் அவருக்குப் பக்கத்தில் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். மழை பிடித்து, விட்டு, மீண்டும் பிடித்தது. காலையில் உள்ளே போன இன்னொருவரை வெளியே கொண்டுவந்தார்கள். உம்மாவின் கதவு திறக்கவில்லை. நேரம் நீளும்போதெல்லாம், அந்தத் தாளில் இரண்டாவது கோடு முதற்கோடாக நீண்டுகொண்டு போவதை என் மனம் பார்த்தது. நீண்டால் எலும்பு பிரியும். எலும்பு பிரிந்தால் பெரியம்மா. இந்தச் சங்கிலியை அறுக்க எனக்குத் தெரிந்த துஆக்களையெல்லாம் ஓதினேன். வார்த்தைகள் வந்தன, அர்த்தங்கள் வரவில்லை. இதயத்தை நிறுத்திவைக்கும் நேரம் என்று நான் வாசித்த அந்தச் சொற்றொடர் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. நான் அங்கே உட்கார்ந்திருந்த ஏதோ ஒரு பொழுதில் என் உம்மாவின் இதயம் துடிக்காமல் இருந்திருக்கிறது. எந்தப் பொழுது என்று எனக்குத் தெரியாது.

கடைசியில் ஓர் இளம் வைத்தியர் வந்து, முடிந்துவிட்டது, இதயம் தானாகத் துடிக்கிறது என்றார். வாப்பா இரு கைகளாலும் முகத்தைத் தடவிக்கொண்டார். எந்த வெட்டு என்று கேட்க என் வாய் வரைக்கும் வந்தது. உயிரைத் தந்தவரிடம் அதைக் கேட்பது நன்றிகெட்ட கேள்வியாகத் தோன்றவே கேட்கவில்லை.

மறுநாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவரை மட்டும் விட்டார்கள். நான் போனேன். உம்மா முகம் வீங்கி, தொண்டைக்குள் குழாயோடு, யாரோ ஒருவரைப்போல இருந்தார். கண்களைத் திறந்தார். என்னை அறிந்துகொண்டார். பிறகு, கட்டிலோடு கிடந்த கையின் ஆள்காட்டி விரலை மெதுவாக உயர்த்தி, காற்றில் ஒரு சின்னக் கோடு போட்டார். சற்று ஓய்ந்து, இன்னொரு கோடு, நீளமாக. புருவத்தைத் தூக்கினார்.

நான் தாதியைப் பார்த்தேன். அவர் விளங்கிக்கொண்டு போர்வையின் விளிம்பை விலக்கினார். வெள்ளைக் கட்டு கழுத்துக்குக் கீழே தொடங்கி, நெஞ்சின் பாதியில் முடிந்திருந்தது. நான் என் நெஞ்சின்மேல் விரலால் அந்தச் சின்னக் கோட்டைப் போட்டுக் காட்டினேன். உம்மாவின் கண்ணோரத்தில் நீர் சேர்ந்து காதுப்பக்கம் இறங்கியது.

குழாயை எடுத்து வாட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அவர் பேசிய முதல் முழு வாக்கியம் இதுதான்:

"பாத்தீங்களா மகள், மெலிஞ்சதாலதான்."

நான் விளக்கினேன். நிறை கூடியதால்தான் இந்த வெட்டைத் தேர்ந்தெடுத்தார்கள், முதல் நாளே வைத்தியர் அப்படித்தான் நினைத்திருந்தார் என்றேன். பெருநாடியையும் ஸ்கேனையும் பற்றிச் சொன்னேன். உம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு என் கன்னத்தைத் தட்டினார். பல்கலைக்கழகத்தில் படித்தும் சில விஷயங்கள் விளங்காத பிள்ளையைப் பார்ப்பதுபோல ஒரு புன்னகை. அந்தப் புன்னகை என்னை அச்சுறுத்தியது. பசியால்தான் பிழைத்தேன் என்று நம்புகிறவர் பசியை எப்போது விடுவார்?

வீட்டுக்கு வந்தோம். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் இருமவேண்டும், பானை தூக்கக்கூடாது, தொழுகை கதிரையில். கட்டு மாற்றும்போதெல்லாம் காயத்தின் விளிம்பு சிவக்கிறதா என்று நான் குனிந்து பார்ப்பேன். மூக்கால் மூச்சை இழுத்தும் பார்ப்பேன். உம்மா அதைக் கண்டார். ஏன் என்று கேட்கவில்லை. காயம் ஒழுங்காக மூடிக்கொண்டு வந்தது. ஆனால் ஒவ்வொரு திங்களும் வியாழனும் நான் விடியுமுன்னே விழித்து, குசினியில் விளக்கு எரிகிறதா என்று படுத்தபடியே கதவின் கீழ் இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த நோன்பு மாதம் தொலைவில் இருக்கவில்லை.

குசினிக்குள் நிற்கலாம், பாரம் தூக்காமல் என்று வைத்தியர் அனுமதித்த பிறகு ஒரு திங்கட்கிழமை. நான் முன்னறையில் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். அடுப்பில் ஆணம் கொதிக்கும் சத்தம் கேட்டது. பிறகு குரல்.

"உப்புப் பாருங்க மகள்."

எழுந்தேன். குசினி வாசலில் நின்றுவிட்டேன். உம்மா அகப்பையை ஏந்தியபடி, என் உள்ளங்கைக்காகக் காத்திருந்தார். நான் கையை நீட்டவில்லை. நீட்டமுடியவில்லை, கை பக்கவாட்டில் அப்படியே தொங்கியது. அவர் என் முகத்தைப் பார்த்தார். என்ன கண்டாரோ, அவருடைய முகம் மாறியது. என்னை அழைத்தது தன் வாய்தான் என்பதையும், ஏன் அழைத்தது என்பதையும் அப்போதுதான் அறிந்தவர்போல ஒரு கணம் நின்றார்.

அடுப்பில் ஆணம் விளிம்புவரை பொங்கி வந்தது. நான் போய்த் தீயைக் குறைத்தேன். திரும்பியபோது உம்மா அகப்பையைத் தன்னுடைய உள்ளங்கைக்கு மேலே சாய்த்துக்கொண்டிருந்தார். ஒரு துளி விழுந்தது. அதை வாயருகே கொண்டுபோய், மஃரிபுக்கு முன்னரே, என்னைப் பார்த்தபடியே, நக்கினார். விழுங்கினார்.

"உப்புக் கூடிட்டு" என்றார்.

தேங்காய்ப்பால் சட்டி அவருக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன்.